குழந்தையின் அச்சமும் பெற்றோர் கடமையும்





திரிசரணம் ஏற்றுப் பஞ்சசீலம் காத்துவரும் இல்லங்களில் நாள்தோறும் காணப்படும் ஒரு செய்தியை இன்று ஆராய முற்படுகிறோம். புதிய பள்ளிக்குச் செல் என்றால் தாயின் முந்தானையைப் பற்றிக்கொண்டு அழுகின்ற குழந்தை. ஆசிரியர் வினவும்போது விடை தெரிந்திருந்தும் வாய் திறவாத குழந்தை. ஏனைய சிறுவர் ஆடும்போது சுவரோரம் ஒதுங்கி நிற்கும் குழந்தை. இவர்களை நாம் என் செய்கிறோம்? ஒருசாரார் கோழை என்று ஏசுகின்றனர். மற்றொருசாரார், "வேண்டாம் கண்ணே, நீ போகவேண்டாம்" என்று தூக்கி இடுப்பில் வைத்துக்கொள்கின்றனர். ஏச்சினால் அச்சம் தீராது. இடுப்பில் வைத்துக்கொள்வதாலும் தீராது. ததாகதர் காட்டிய நெறி இவ்விரண்டிற்கும் நடுவே செல்வது.

அச்சமெல்லாம் தீதன்று என்பதை முதற்கண் உணரவேண்டும். நெருப்பையும் ஆழ்கிணற்றையும் குழந்தை அஞ்சுவது அறிவு. தீவினைக்கு அஞ்சுதல் 'ஒத்தப்பம்' என்று பாலி நூல்களில் போற்றப்படும் நற்குணம். ஆயினும், சிகாலோவாத சூத்திரத்தில், மக்களைத் தகாத வழியில் செலுத்துவன நான்கு என்று பகவான் எடுத்துரைக்கின்றார். அவை விருப்பு, வெறுப்பு, மயக்கம், அச்சம் என்பன. அச்சம் இங்கே மயக்கத்தோடு ஒரே வரிசையில் வைக்கப்பட்டிருத்தலைக் காண்க. கற்க அஞ்சுதல், வினவ அஞ்சுதல், நல்லதைச் செய்ய அஞ்சுதல் ஆகிய இவையே நாம் களைய வேண்டிய அச்சங்கள்.

களைவது எங்ஙனம்? மஜ்ஜிம நிகாயத்தின் நான்காம் சூத்திரம் பயபேரவ சூத்திரம் எனப்படும். ஜாணுஸ்ஸோணி என்னும் பிராமணருக்குப் பகவான் தம் சொந்த அனுபவத்தையே அதில் கூறுகின்றார். போதி அடையுமுன் அவர், மக்கள் கண்டு நடுங்கும் வனக் கோட்டங்களில் இரவில் சென்று தங்கினார். மான் ஒன்று வரும். மயில் ஒரு சுள்ளியை முறிக்கும். காற்றில் சருகு சலசலக்கும். "இதோ அச்சம் வருகின்றது" என்று உள்ளம் துணுக்குறும். அவ்வேளையில் அவர் செய்ததென்ன? நடக்கும்போது அச்சம் வந்தால், அது அடங்கும்வரை நடந்துகொண்டே இருந்தார், நிற்கவுமில்லை, அமரவுமில்லை. அமர்ந்திருக்கும்போது வந்தால், அமர்ந்தபடியே அதனை அடக்கினார். அச்சம் தம்மை இடம் பெயர்க்க அவர் விடவில்லை.

இதனால் நாம் அறிவது யாது? உலக குருவாகிய அவருக்கும் அச்சம் தோன்றியது. அதனை அவர் மறைக்கவில்லை. அஞ்சுகின்ற குழந்தையை இழிவாகப் பேச நமக்கு என்ன உரிமை உண்டு? அன்றியும், அச்சத்தை விட்டு ஓடுகின்றவன் அது மயிலா, புலியா என்பதை என்றுமே அறியான். நின்றவனே அறிவான்.

ஆனால், குழந்தை போதிசத்துவர் அன்று. அதனை நள்ளிரவில் வனத்திற்கு அனுப்புதல் தகாது. இதற்கும் பகவானிடத்தில் விடை உண்டு. அங்குத்தர நிகாயத்தின் ஐந்தாம் தொகுதியில் ஒரு செவிலித்தாயின் உவமை வருகின்றது. கைக்குழந்தை கல்லையோ குச்சியையோ வாயில் இட்டுக்கொண்டால், செவிலி நொடியும் தாமதியாமல் அதனை வெளியே எடுத்துவிடுவாள். அக்குழந்தை வளர்ந்து அறிவு பெற்றபின், தன்னைத்தான் காத்துக்கொள்ளும் என்று அவள் கவலை ஒழிந்திருப்பாள். காப்பதற்கு ஒரு காலம், கையை விடுவதற்கு ஒரு காலம். காலம் வந்த பின்னும் கையை விடாத அன்பு, குழந்தையின் காலைக் கட்டிய கயிறாகும்.

குழந்தை தன் அச்சத்தையும் துணிவையும் பெற்றோர் முகத்திலிருந்தும் கற்கின்றது. இதற்கு ஒரு சான்று கூறுவோம். அமெரிக்க நாட்டில் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த எலினார் கிப்சன் அம்மையாரும் ரிச்சர்டு வாக் என்பாரும் கண்ணாடிப் பரப்புடைய மேசையொன்றை அமைத்து, அதில் செய்த சோதனைகளை 1960இல் விளக்கி எழுதினர். ஒரு பாதியில் கட்டமிட்ட விரிப்பு கண்ணாடியை ஒட்டி இருக்கும். மறுபாதியில் அது கீழே தாழ்ந்திருக்கும். கண்ணுக்குப் பள்ளமாகத் தோன்றினும் கண்ணாடி குழந்தையைத் தாங்கும். 1985இல் வெளிவந்த மற்றோர் ஆராய்ச்சியில் அப்பள்ளம் ஏறக்குறைய ஓர் அடி ஆழமாகக் குறைக்கப்பட்டது. ஓராண்டு நிறைந்த குழந்தைகள் ஒருபுறமும் அன்னையர் மறுபுறமும் இருந்தனர். அன்னையர் ஒரு சொல்லும் பேசாமல் முகத்தால் மட்டும் குறிப்புக் காட்டினர். அன்னை மலர்ந்த முகம் காட்டிய 19 குழந்தைகளில் 14 குழந்தைகள் பள்ளத்தைக் கடந்து சென்றன. அன்னை அஞ்சிய முகம் காட்டிய 17 குழந்தைகளில் ஒன்றேனும் கடக்கவில்லை. பள்ளம் ஒன்றே, கண்ணாடி ஒன்றே, முகம் மட்டுமே வேறு.

அன்பர்களே, இந்த இடத்தில் நம் மக்கள் நின்று சிந்திக்க வேண்டும். அங்கே போகாதே, அதைத் தொடாதே, அவர் முன் நிற்காதே, எதிர்த்துக் கேளாதே என்ற சொற்களைத் தலைமுறை தலைமுறையாகக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். நம் பாட்டனார் அஞ்சியதற்குக் காரணம் இருந்தது. அடி விழும் என்று அறிந்தே அஞ்சினர். அந்த முகத்தையே நாம் இன்று நம் குழந்தைக்குக் காட்டினால், தன்னை அடித்தவன் யார் என்றே அறியாத பிள்ளையும் அடிபட்டவன்போல் ஒடுங்கும். பாபாசாகேப் அம்பேத்கர் சிறுவராக இருந்தபோது, வகுப்பறையில் தமக்கெனத் தனியே ஒரு கோணித் துண்டை விரித்து அமர்ந்தார். மாலையில் அதனைத் தாமே வீட்டிற்குச் சுமந்து சென்றார். பள்ளிக் குழாயை ஏவலர் திறந்துவிட்டாலன்றி அவருக்குத் தண்ணீர் இல்லை. அச்சிறுவரே 1913இல் கடல் கடந்து கொலம்பியாப் பல்கலைக்கழகம் புகுந்தார். 1956 அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் இலட்சக்கணக்கானோருடன் தம்மத்தைத் தழுவினார். 1898இல் பண்டிதர் அயோத்திதாசர் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவியபோது, அவருடன் சேர்ந்தோர் பழகிய பாதையை விட்டுப் புதிய பாதையில் அடி வைத்தனர். புதியதை முயன்று பார்க்கும் துணிவு இல்லையேல் நாம் இன்று பௌத்தராய் இருக்கமாட்டோம். அத்துணிவை நம் பிள்ளைகளுக்குக் கொடாமல் வேறு எந்தச் சொத்தைக் கொடுக்கப்போகிறோம்?

பஞ்சாலையில் நூற்பிரிவில் உழைத்த காலத்தில் நாம் கண்டதொன்று உண்டு. ஓடும் இயந்திரத்தில் இழை அறுந்தால், அந்தக் கதிரை மட்டும் நிறுத்தி இழையை மீண்டும் சேர்க்கவேண்டும். புதிதாய் வந்த தொழிலாளிக்குக் கை நடுங்கும். அதட்டினால் அவன் பத்து இழையை அறுப்பான். அவனுக்காக மற்றவரே எப்போதும் சேர்த்துக் கொடுத்தாலோ அவன் என்றும் கற்கமாட்டான். நல்ல மேஸ்திரி முதலில் தாம் செய்து காட்டுவார். பின்பு அவன் கையைப் பிடித்துச் செய்விப்பார். அதன்பின் அருகில் மட்டும் நிற்பார். ஒருநாள் அடுத்த வரிசைக்குச் சென்றுவிடுவார். இல்லத்திலும் இம்முறையே போதும்.

ஆதலால் பெற்றோர் கைக்கொள்ளத்தக்கவை சில கூறுவோம். குழந்தை அஞ்சினால், "உனக்கு அச்சமாக இருக்கின்றதா?" என்று அன்போடு கேளுங்கள், அச்சமே இல்லை என்று பொய் சொல்லப் பழக்காதீர்கள். பெரிய செயலைச் சிறு படிகளாகப் பிரியுங்கள். பள்ளிக்கு அஞ்சும் பிள்ளையை முதல் நாள் வாயில்வரை அழைத்துச் சென்று திரும்புங்கள். மறுநாள் முற்றம்வரை செல்லுங்கள். அதன்பின் வகுப்பறையைக் காட்டுங்கள். ஒரு படியில் அழுதால், அழுகை தணியும்வரை அங்கேயே உடனிருங்கள். உடனே தூக்கிக்கொண்டு ஓடிவிட்டால், ஓடுவதே மருந்து என்று அது கற்றுக்கொள்ளும். வெற்றியை மட்டும் புகழாமல் முயற்சியைப் புகழுங்கள். அண்டைவீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டு நாணச் செய்யாதீர்கள். பூச்சாண்டி, பேய் என்று சொல்லி உறங்கவைக்கும் வழக்கத்தை இன்றோடு விடுங்கள். இவை எல்லாவற்றிற்கும் மேலாக, குழந்தை திரும்பிப் பார்க்கும்போது உங்கள் முகம் மலர்ந்திருக்கட்டும்.

இவ்வாறு செய்தும் நெடுநாள் உண்ணாமலும் உறங்காமலும் அஞ்சி ஒடுங்கும் குழந்தையை மருத்துவரிடம் காட்டத் தயங்க வேண்டாம்; அதுவும் கருணையே.

புத்த விகாரங்களில் பகவானின் உயர்ந்த வலக்கரத்தை நோக்குங்கள். அஞ்சேல் என்று அபயம் அளிக்கும் கரம் அது. அக்கரம் நம்மைத் தூக்கிச் சுமப்பதில்லை, நடப்பவர் நாமே. அவ்வண்ணமே நம் கரமும் நம் குழந்தைகளுக்கு அமைவதாக.

சாது! சாது! சாது!