விருந்து என்னும் வனப்பு: புதிய கலையை ஏற்றலின் அறம்

முன்னுரை

புதிதாய்த் தோன்றும் கலையைச் சமூகம் பெரும்பாலும் உடனே ஏற்பதில்லை. முதலில் நகைக்கிறது, பின்னர்ப் பொறுத்துக்கொள்கிறது, இறுதியில் போற்றுகிறது. இக்காலத்தாழ்வு வெறும் சுவை வேறுபாடா, அன்றி அறத்தின்பாற்பட்ட குறையா என்னும் வினாவை, இம்ப்ரஷனிசம் எனப்படும் மனப்பதிவு ஓவியத்தின் வரலாற்றையும் சென்னை ஓவிய இயக்கத்தின் வரலாற்றையும் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

நகைப்பும் ஏற்பும்

1874 ஏப்ரலில் பாரிசில் ஏறத்தாழ முப்பது ஓவியர்கள் தாமே ஒரு காட்சி நடத்தினர். அரசின் ஆதரவு பெற்ற சலோன் ஆண்டுக்காட்சியின் நடுவர்களால் விலக்கப்பட்டவர்கள் இவர்களுட் பலர். கிளாத் மோனே 1872இல் லஹாவ்ர் துறைமுகத்தை வரைந்து ‘மனப்பதிவு, சூரிய உதயம்’ எனப் பெயரிட்டிருந்தார். லூயி லெருவா என்னும் இதழாளர் அப்பெயரையே எள்ளலுக்குக் கருவியாக்கினார். வசையாக வந்த சொல்லே பின்னர் இயக்கத்தின் பெயராக நிலைத்தது.

ஓவியம் முற்றுப்பெறவில்லை, உருவங்களின் கோடு தெளிவாக இல்லை என்பனவே அன்று கூறப்பட்ட முதன்மையான குறைகள். இடுக்கி மாவட்டத்துச் சக்குபள்ளத்தின் ஏலமலைகளில் பனி படரும் காலையில் நிற்பவர் இக்குறையை எளிதில் கூறார். மலைக்கும் வானுக்கும் இடையே கோடு இல்லை என்பதைக் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து ஏலத்தோட்ட வேலைக்கு மலையேறி வரும் தொழிலாளர் தம் கண்ணால் அறிவர். பாரிசின் பார்வையாளரோ, தம் கண் கண்டதை விடுத்துக் கல்விக்கழகம் கற்பித்த கோட்டைக் கொண்டே ஓவியத்தை அளந்தனர். ஆகவே அவர்தம் மறுப்புக்குக் காரணம் அறியாமையன்று. முன்னரே அறிந்துவிட்டோம் என்னும் எண்ணமேயாகும்.

1886 வரை இவ்வோவியர் எட்டுக் காட்சிகள் நடத்தினர். அவ்வாண்டிலேயே துரான்-ருவேல் என்னும் வணிகர் அவ்வோவியங்களை நியூயார்க்கில் காட்சிப்படுத்தி விலைகொள்வோரைப் பெற்றார். எனினும் 1894இல் மறைந்த ஓவியர் கையில்போத் அறுபதுக்கு மேற்பட்ட ஓவியங்களை நாட்டுக்கு விட்டுச்சென்றபோது, பிரெஞ்சு அரசு அவற்றுள் நாற்பதளவே ஏற்றது. கொடையாகக் கொடுத்தும் கொள்ளத் தயங்கிய நிலை இது.

சோழமண்டலம் காட்டும் வழி

1850இல் தோன்றிய சென்னைக் கலைப்பள்ளியில் பயின்று, 1957இல் அதன் தலைமைப் பொறுப்பேற்றவர் கே.சி.எஸ். பணிக்கர். கேரள நிலக்காட்சிகளை நீர்வண்ணத்தில் தீட்டித் தொடங்கிய இவர், 1960களில் எழுத்தும் குறியீடும் நிறைந்த புதிய ஓவியமுறைக்கு வந்தார். நவீன ஓவியத்தை விலைகொடுத்து வாங்குவோர் அன்று மிகச் சிலரே. 1966இல் அவர் தலைமையில் ஓவியர்கள் சென்னையை அடுத்த ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கிச் சோழமண்டலக் கலைஞர் கிராமத்தை அமைத்தனர். பாத்திக் முதலிய கைவினைப் பொருள்களைச் செய்து விற்றுப் பொருளீட்டி, ஓவியத்தைத் தம் விருப்பப்படி தீட்டினர். ஏற்பை இரந்து நில்லாமலும், ஏற்காதவரை இகழாமலும் கலைஞர் வாழ இயலும் என்பதை இம்முயற்சி காட்டுகிறது. ஆயினும், ஏற்பின் காலத்தாழ்வுக்குரிய விலையைக் கலைஞரே தம் உழைப்பால் செலுத்தினர் என்பதும் மறைத்தற்குரியதன்று.

புதுமையும் விருந்தும்

தொல்காப்பியர் செய்யுளியலில் எண்வகை வனப்புகளுள் ஒன்றாக ‘விருந்து’ என்பதைச் சுட்டி, அதனைப் புதிதாக யாக்கப்படும் செய்யுளுக்கு உரியதாக்குகிறார். புதுமைக்கும் வீட்டுக்கு வரும் புதியவர்க்கும் தமிழ் ஒரே சொல்லை வழங்குதல் ஈண்டுக் கருதத்தக்கது. அனிச்சமலர் முகர்ந்த பின்னரே வாடும். விருந்தினரோ வரவேற்பவரின் முகமாற்றத்தைக் கண்டே வாடுவர் என்பது வள்ளுவர் கருத்து. இவ்விரண்டையும் இணைத்து நோக்கின், புதிய கலையை எதிர்கொள்ளுதல் சுவை சார்ந்தது மட்டுமன்று, ஒழுக்கம் சார்ந்ததுமாகும் என்பது புலப்படும்.

புதியன எல்லாம் நல்லனவோ என வினவலாம். அல்ல. நகைக்கப்பட்டமை உயர்வுக்குச் சான்றாகாது. நகைக்கப்பட்டு மறக்கப்பட்டனவற்றுள் மறக்கத் தக்கனவும் உண்டு. அவ்வாறே, பிற்காலத்து விலையேற்றமும் தகுதிக்குச் சான்றாகாது. விருந்தோம்பல் என்பது வந்தவரை ஆராயாமல் உறவாக்கிக்கொள்வதன்று. அமரச் செய்து, அவர் கூறுவதைக் கேட்ட பின்னரே முடிவு செய்வதாகும். தீர்ப்பை மறுக்கும் உரிமை கலைக்கு இல்லை. தீர்ப்புக்கு முன் பார்க்கப்படும் உரிமை உண்டு.

முடிவுரை

1959இல் சி.சு. செல்லப்பா தொடங்கிய ‘எழுத்து’ இதழ் வளர்த்த புதுக்கவிதை, யாப்பிலது என்னும் காரணத்தால் புலமை உலகில் நெடுநாள் வாயிலிலேயே நிறுத்தப்பட்டது. இன்று அது நம் பாடத்திட்டங்களில் இடம்பெற்றுள்ளது. அதனைப் பாடம் சொல்லும் நாம், அன்றைய தயக்கத்தைப் பிறர் பிழையாகக் கூறிக் கடந்துவிடலாகாது. இன்று நம் மாணவர் எழுதிக் கொணரும், நமக்குப் பழகாத எழுத்தை எத்துணை நேரம் பார்த்தபின் மதிப்பிடுகிறோம் என்பதே நம் புலமையின் அறத்தை அளக்கும் கோலாகும்.