யார் கூட?

"எத்தனை பேர் சார்?"

"ஒருத்தர்தான்."

சர்வர் என் முதுகுக்குப் பின்னால் ஒருமுறை எட்டிப் பார்த்தார். யாரும் இல்லை என்று உறுதியானதும், கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் சுவரைப் பார்த்தபடி இருந்த மேஜையைக் காட்டினார். அவர் முகத்தில் லேசான பரிதாபம். வெள்ளிக்கிழமை ராத்திரி தனியாகச் சாப்பிட வருகிறவன், ஒன்று வீட்டில் சண்டை போட்டவனாக இருக்க வேண்டும், இல்லை ஊருக்குப் புதுசாக இருக்க வேண்டும்.

நான் ரெண்டும் இல்லை. வண்டி மெக்கானிக்கிடம் மாட்டிக்கொண்டது. அவ்வளவுதான்.

அண்ணா சாலையில் ஆபீஸ். குரோம்பேட்டையில் வீடு. வண்டி இல்லாததால் சும்மா நடக்க ஆரம்பித்தேன். திருவல்லிக்கேணி ஹைரோடு, பெரிய மசூதி, சாம்பாரில் முங்கிக் குளித்த ரெண்டு இட்லி. பிறகு பைகிராஃப்ட்ஸ் ரோடு. பாரதி சாலை என்று பெயர் மாறிப் பல வருஷங்கள் ஆகியும் பழைய ஆட்களின் வாயில் அது பைகிராஃப்ட்ஸ்தான். பிளாட்பாரத்துப் பழைய புத்தகக் கடையில் முக்கால் மணி நேரம். ஒன்றும் வாங்கவில்லை. அங்கிருந்து மெரினா. மணலில் அலை வரைக்கும் நடந்து, கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

இருபது வருஷமாக இந்தத் தெருக்களில் வண்டி ஓட்டியிருக்கிறேன். ஆனால், பார்த்ததில்லை. வண்டி ஓட்டுகிறவன் எங்கே ஊரைப் பார்க்கிறான்? முன்னால் போகிறவனின் டெயில் லைட்டைத்தான் பார்க்கிறான். பார்க்கிங் கிடைக்குமா, நோ என்ட்ரியா, போலீஸ் நிற்கிறாரா... மனசு பூரா வண்டிதான் உட்கார்ந்திருக்கும். அதை இறக்கி வைத்த பிறகுதான் அதன் கனமே தெரிந்தது.

திருவல்லிக்கேணியில் பறக்கும் ரயில் ஏறி, பார்க்கில் தாம்பரம் வண்டிக்கு மாறினேன். 1931-லிருந்து இந்தத் தடத்தில் மின்சார ரயில் ஓடுகிறது. ஒரு காபி விலைகூட ஆகாத டிக்கெட்டில் ஜன்னலோரம், எதிர்காற்று. பரம சுகம்.

ஆனால், ஒரு தப்பு பண்ணியிருந்தேன். மெரினாவிலிருந்து வீட்டுக்குப் போன் போட்டு, "லேட்டாகும், ஆபீஸ்ல வேலை" என்று சொல்லியிருந்தேன்.

ஏன் பொய் சொன்னேன்? குடிக்கவில்லை, சீட்டாடவில்லை. கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதை ஏன் மறைக்க வேண்டும்? யோசித்துப் பார்த்தால், லேட்டாக வருவதற்கு நம் வீடுகளில் ஒரே ஒரு காரணம்தான் செல்லுபடியாகும். அது வேலை. 'சும்மா' என்பது காரணமே இல்லை. குடும்பஸ்தன் தனியாகச் சந்தோஷமாக இருந்தால், அது குடும்பப் பணத்தைக் கையாடல் பண்ணியது மாதிரி. நான் பி.காம். படித்தவன். பற்று எழுதினால் எதிரே ஒரு வரவு எழுதியே ஆக வேண்டும். அதனால் வழியில் கால் கிலோ அல்வா வாங்கிக்கொண்டேன்.

பதினொன்றரை மணிக்குக் கதவைத் திறந்த மனைவி பொட்டலத்தைப் பார்த்தாள். அப்புறம் என் செருப்பைப் பார்த்தாள்.

"ஆபீஸ்ல வேலைன்னீங்க. செருப்பெல்லாம் பீச் மணலா இருக்கு? அல்வா வேறயா? எனக்கேவா?"

முழுசையும் சொல்லிவிட்டேன். கோபப்படுவாள் என்று நினைத்தேன். கதை கேட்பது போலக் கேட்டாள். பிறகு சொன்னாள்.

"நல்லாத்தான் இருக்கு. நானும் ஒரு நாள் இப்படிப் போயிட்டு வரட்டுமா?"

"தாராளமா போ. யார் கூட?"

வாயிலிருந்து வந்த பிறகுதான் என் காதிலேயே விழுந்தது.

ஜெர்மன் தத்துவ ஞானி இம்மானுவேல் கான்ட் 1785-ல் ஒரு சோதனை சொன்னார். நீங்கள் செய்வது சரியா, தப்பா? எல்லாருக்கும் அதையே சட்டமாக்க உங்களுக்குச் சம்மதமா என்று பாருங்கள் என்றார். சம்மதம் இல்லையென்றால் உங்களுக்கு மட்டும் தனிச் சலுகை எடுத்துக்கொள்கிறீர்கள் என்று அர்த்தம். என் வெள்ளிக்கிழமை இந்தச் சோதனையில் ரெண்டே வார்த்தையில் ஃபெயிலாகிவிட்டது. யார் கூட?

இதே கான்ட் தினமும் தனியாக வாக்கிங் போவதற்குப் பேர்போனவர். ஆனால் வானம் மூட்டமாக இருந்தால், லாம்பே என்ற வயதான வேலைக்காரர் பெரிய குடையோடு பின்னாலேயே நடப்பாராம். கவிஞர் ஹைனே எழுதியிருக்கிறார். கான்ட்டின் தனிமையைப் பற்றிப் பேசுகிற நாம், லாம்பேவின் கால்வலியைப் பற்றிப் பேசுவதில்லை.

2021 மே மாதம் தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு டிக்கெட்டை எடுத்துவிட்டார்கள். நல்ல காரியம். லட்சக்கணக்கான பெண்கள் வேலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் அதில் போனார்கள். ஆனால், காரணமே இல்லாமல் ஏறுவதற்குக் கண்டக்டரின் அனுமதி போதாது. 2011-ல் மும்பையைச் சேர்ந்த மூன்று பெண்கள், ஷில்பா பட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே, 'ஒய் லாய்ட்டர்?' என்று ஒரு புத்தகம் எழுதினார்கள். சும்மா சுற்றுவதும் ஓர் உரிமைதான் என்பது அவர்கள் வாதம். படித்தபோது தலையாட்டினேன். தலையாட்டுவதில் என்ன கஷ்டம்? சொந்த வீட்டுக் கதவு திறக்கும்போதுதானே தெரியும்.

அடுத்த சனிக்கிழமை சாயங்காலம் அவள் கிளம்பினாள். "ஸ்டேஷனுக்கு வந்து கூட்டிட்டு வரட்டுமா?" என்றேன்.

"வேணாம். நீங்க வந்து நின்னா அப்புறம் அது என்ன தனியா?"

ஏழு மணிக்கு டி.வி. போட்டேன். ஏழரைக்கு அணைத்தேன். எட்டு மணிக்குப் போன் பண்ணினேன். "இப்பத்தானே வந்தேன்" என்றாள். பின்னணியில் அலைச் சத்தம். எட்டரைக்கு மறுபடி எடுத்து, நம்பரைப் பார்த்துவிட்டு வைத்துவிட்டேன். பால்கனிக்கும் ஹாலுக்குமாக நடந்தேன். அப்போதுதான் உறைத்தது. போன வெள்ளிக்கிழமை, நான் கடலைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், இதே பால்கனியில் இன்னொருத்தர் நடந்திருக்கிறார். பதினொன்றரைக்குக் கதவு உடனே திறந்ததே... எப்படி? நான் யோசிக்கவே இல்லை.

ஒன்பதே காலுக்கு வந்துவிட்டாள். முகம் பளிச்சென்று இருந்தது. "ரெண்டு மணி நேரம், நாளைக்கு என்ன டிபன்னு யாருமே கேக்கல" என்றாள். சுண்டல் சாப்பிட்டாளாம். ஒரு குழந்தை பலூனைப் பறக்கவிட்டு அழுததை வேடிக்கை பார்த்தாளாம்.

"இன்னும் கொஞ்ச நேரம் இருந்திருக்கலாமே?"

"இருந்திருக்கலாம். கூட்டம் குறைய ஆரம்பிச்சுது. ஒருத்தன் ரெண்டு தடவை பக்கத்துல வந்து டைம் கேட்டான். கையிலதான் போன் வெச்சிருக்கானே, எதுக்கு என்கிட்ட டைம்? எழுந்து வந்துட்டேன்."

சாதாரணமாகத்தான் சொன்னாள். வெயில் அடித்தது, அதனால் குடை பிடித்தேன் என்பது போல.

தனியாகச் சந்தோஷமாக இருப்பது சுயநலமா? இல்லை என்றுதான் இப்போதும் சொல்வேன். சர்வர் பரிதாபப்படத் தேவையில்லை, நான் பொய் சொல்லியிருக்கவும் தேவையில்லை. ஆனால் அந்த ராத்திரிக்கான செலவை நான் மட்டும் செய்யவில்லை. பாதியை, தூங்காமல் காத்திருந்தவள் கட்டியிருக்கிறாள். அதைத் திருப்பிக் கொடுக்க அல்வா போதாது. மாதம் ஒரு சாயங்காலம் அவளுக்கு, ஒரு சாயங்காலம் எனக்கு என்று பேசி வைத்திருக்கிறோம். அவள் முறை வரும்போது நான் போன் பண்ணக் கூடாது. இதுவரை ரெண்டு தடவை தோற்றிருக்கிறேன்.

இத்தனைக்கும் பிறகு ஒரு கணக்கு மட்டும் டேலி ஆகவில்லை. என் ராத்திரி பதினொன்றரைக்கு முடிந்தது. அவளுடையது ஒன்பதே காலுக்கு. நடுவில் ரெண்டேகால் மணி நேரம். அது வீட்டுக் கணக்கில் வராது. டைம் கேட்டானே, அவன் பேரில் எழுத வேண்டியது. அவன் யாரென்று தெரியாது. ஆனால் அவனும் யாரோ ஒருவர் வீட்டுப் பிள்ளைதான். அந்த வீட்டில் அவனை யாரும், "எங்கடா போற, யார் கூட?" என்று கேட்டிருக்க மாட்டார்கள்.