காலமும் துலாக்கோலும்

ஒப்பிட்டுப் பார்த்தல் மனித மனத்தின் இயல்பு. இரு மலைகளைக் கண்டால் உயர்ந்தது எது என்றும், இரு புலவர்களைக் கற்றால் சிறந்தவர் யார் என்றும் அது வினவுகிறது. மலையை அளக்க அளவுகோல் உண்டு; மனிதரை அளக்க உண்டா? அதிலும், ஒருவரையொருவர் கண்டறியாத வெவ்வேறு காலத்து மனிதரை ஒரே துலாக்கோலில் வைத்து நிறுப்பது முறையாகுமா? இது வெறும் அறிவுப் பொழுதுபோக்கன்று. அறத்தைச் சார்ந்த வினாவுமாகும். ஏனெனில், ஒப்பீடு ஒவ்வொன்றும் ஒரு தீர்ப்பு. தவறான தீர்ப்பு யாரேனும் ஒருவருக்கு இழைக்கப்படும் அநீதி.

இவ்வினாவை ஆராயக் கிரிக்கெட் நல்லதொரு களம். 1877ஆம் ஆண்டில் மெல்போர்னில் முதல் டெஸ்ட் ஆட்டம் நடந்தது முதல், மட்டையாளர் எடுத்த ஓட்டங்கள் ஏட்டில் பதியப்பட்டு வந்துள்ளன. இத்துணைக் கணக்குள்ள துறையிலேயே ஒப்பீடு இடறுமாயின், கணக்கே இல்லாத துறைகளில் அது எத்துணை இடறும் என்பது சொல்லாமலே விளங்கும்.

ஓட்டங்களின் எண்ணிக்கையே சிறப்பு என்று கொண்டால் வேலை எளிது. 1930இல் ஆஸ்திரேலியாவின் பிராட்மன் 334 ஓட்டங்கள் எடுத்தார். 1938இல் இங்கிலாந்தின் ஹட்டன் 364. 1958இல் மேற்கிந்தியத் தீவுகளின் சோபர்ஸ் 365. 1994இல் பிரையன் லாரா 375. 2003இல் ஆஸ்திரேலியாவின் ஹேடன் 380. 2004இல் மீண்டும் லாரா 400. ஏணிப்படி போல எண்கள் ஏறிக்கொண்டே போகின்றன. ஆனால், சிறப்பும் அவ்வாறே ஏறிற்றா?

லாராவின் வாழ்விலேயே இதற்கு விடை கிடைக்கிறது. அவர் 400 ஓட்டங்கள் எடுத்த ஆட்டம் வெற்றி தோல்வியின்றி முடிந்தது. தொடரோ முன்னரே இங்கிலாந்தின் கைக்குப் போயிருந்தது. ஐந்தாண்டுகளுக்கு முன்பு, 1999இல், பிரிட்ஜ்டவுன் நகரில் அவர் எடுத்தவை 153 ஓட்டங்களே. மக்ராத், வார்ன் முதலியோர் பந்து வீச, 308 ஓட்டங்கள் என்ற இலக்கை நோக்கி ஆடிய மேற்கிந்திய அணியில் விக்கெட்டுகள் ஒவ்வொன்றாய்ச் சரிந்தன. கடைசி வரை நின்று ஒரே விக்கெட் வேறுபாட்டில் அணியை வெல்லச் செய்தார் லாரா. 2001இல் விஸ்டன் வெளியிட்ட நூறு சிறந்த ஆட்டங்களின் வரிசையில் இந்த 153 இரண்டாமிடம் பெற்றது. ஒரே மனிதரின் இரு செயல்களை ஒப்பிடும்போதே எண் ஏமாற்றுகிறதென்றால், இரு காலத்து இருவரை ஒப்பிடுகையில் எண்ணை மட்டும் நம்புவது எங்ஙனம்?

காலம் மாறும்போது களமும் மாறுகிறது. முற்காலத்தில் ஆட்டம் தொடங்கிய பின் ஆடுதளத்தை மழையினின்று மூடிக் காக்கும் வழக்கம் பல இடங்களில் இருந்ததில்லை. நனைந்த தளத்தின்மீது வெயில் பட்டதும் பந்து கணிக்கவியலாதவாறு எழும்பும், தாழும். 1950ஆம் ஆண்டு டிசம்பரில் பிரிஸ்பேனில் அத்தகைய தளத்தில் இங்கிலாந்து அணி 122 ஓட்டங்களுக்கு வீழ்ந்தது. அவற்றுள் 62 ஓட்டங்கள் ஆட்டமிழக்காத ஹட்டனுடையவை. அணி தோற்றது, ஆயினும் அந்த 62ஐ இருமடங்கு, மும்மடங்கு ஓட்டங்களுக்கு மேலாக மதிப்பவர் பலர். தலைக்கவசமும் 1970களின் இறுதியில்தான் பரவலாயிற்று. அதற்கு முன் விரைவுப் பந்தை எதிர்கொண்டவர்க்கு, தொப்பியும் துணிவுமே கவசம்.

இதனால், ‘முன்னோரே பெரியோர்’ என்று முடிவு கட்டிவிடுவதும் பிழை. இக்காலத்து மட்டையாளரின் குறை ஒவ்வொன்றையும் எதிரணியினர் படக்காட்சியில் பன்முறை பார்த்து ஆராய்ந்த பின்னரே பந்து வீசுகின்றனர். பழையவர் அறியாத சுமை இது. ஒவ்வொரு காலமும் தன் மக்களுக்கு ஒரு கையால் கொடுத்து, மறு கையால் பறிக்கிறது.

அவ்வாறாயின், ஒருவரை அவர் காலத்தவரோடு மட்டும் ஒப்பிடலாமே என்பர் சிலர். இது முன்னதினும் நல்ல வழி. பிராட்மன் 52 டெஸ்ட் ஆட்டங்களில் 6,996 ஓட்டங்கள் எடுத்தார், சராசரி 99.94. 1948இல் தம் இறுதி ஆட்டத்தில் நான்கே ஓட்டங்கள் எடுத்திருந்தால் சராசரி நூறாகியிருக்கும். ஆனால், ஓட்டம் எதுவும் எடுக்காமலே ஆட்டமிழந்தார். அவர் காலத்துப் பெருவீரர்களான ஹெட்லி, சட்கிளிஃப் ஆகியோரின் சராசரி அறுபதைச் சிறிதே கடந்தது. ஒரே காலத்துக் களங்களில் ஆடியவர்களிடையே இத்துணை இடைவெளி இருப்பதால், அவர் பெருமை காலத்தின் கொடை மட்டுமன்று எனத் துணிந்து கூறலாம்.

ஆயினும், இந்த வழியிலும் ஒரு குறை மறைந்து கிடக்கிறது. ‘அவர் காலத்தவர்’ என்போர் யாவர்? களத்தில் இறங்க இசைவு பெற்றவர்கள் மட்டுமே அல்லவா? தென்னாப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சி நிலவிய நாளில் வெள்ளையர் மட்டுமே அந்நாட்டு அணியில் இடம்பெற்றனர். கேப்டவுனில் பிறந்த பேசில் டி ஒலிவேரா வெள்ளையரல்லர் என்ற ஒரே காரணத்தால் தாய்நாட்டுக்காக ஆட இயலாது, 1960இல் இங்கிலாந்துக்குச் சென்றார். 1966இல் தம் முதல் டெஸ்ட் ஆட்டத்தை ஆடியபோது இளமை கடந்திருந்தது. 1968 ஆகஸ்டில் இலண்டன் ஓவல் களத்தில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக அவர் எடுத்த 158 ஓட்டங்கள், எண்ணிக்கையில் எந்த வரிசையின் உச்சியிலும் இடம்பெறா. ஆனால், தென்னாப்பிரிக்கா செல்லவிருந்த இங்கிலாந்து அணியில் முதலில் விடுபட்டுப் பின்னர் அவர் சேர்க்கப்பட்டதும், அந்நாட்டுப் பிரதமர் வோர்ஸ்டர் அந்த அணியை ஏற்க மறுத்தார், பயணமே கைவிடப்பட்டது. 1970 முதல் 1992 வரை தென்னாப்பிரிக்கா டெஸ்ட் உலகுக்குப் புறத்தே நின்றது.

அந்நாட்டின் கிரேம் பொல்லக் 23 ஆட்டங்களில் 60.97 சராசரியுடன் நின்றுவிட்டதும் அதனால்தான். அந்த எண்ணைப் பார்த்து வியப்பவர், அதே நாட்டில் ஓர் ஆட்டமும் ஆட வாய்ப்பின்றி மறைந்த கறுப்பின இளைஞரையும் ஒரு கணம் எண்ண வேண்டாமா? அவர்களின் சராசரியை எந்த ஏடும் சொல்லாது. ஏட்டில் எழுதப்பட்டதை மட்டுமே நிறுக்கும் துலாக்கோல், எழுதப்படாமற் போனவர்க்கு நீதி செய்வதில்லை.

அதனால், ஒப்பீடே வேண்டா என்று ஒதுங்குவதா? அதுவும் அறமன்று. ‘எல்லாரும் அவரவர் அளவில் பெரியோர்’ என்று சொல்லிவிட்டால் உண்மையான பெருமைக்கு உரிய மரியாதை கிடைக்காமற் போகும். மாற்ற வேண்டியது கேள்வியையே. ‘எவ்வளவு எடுத்தார்?’ என்பதற்கு முன்பாக, ‘அவரை எதிர்த்து நின்றது எது? அவர் கையில் இருந்தது எது? இருந்ததைக் கொண்டு அவர் செய்தது எது?’ என்று கேட்க வேண்டும்.

இவ்வாறு கேட்டால் வெற்றி தோல்வியும் இறுதி அளவுகோலாகாது. 1999 ஜனவரியில் சென்னைச் சேப்பாக்கத்தில், பாகிஸ்தானுக்கு எதிராக முதுகுவலியைத் தாங்கியவாறே 136 ஓட்டங்கள் எடுத்தார் டெண்டுல்கர். அவர் ஆட்டமிழந்தபோது வெற்றிக்கு 17 ஓட்டங்களே தேவை. எஞ்சிய மூன்று விக்கெட்டுகளும் நான்கே ஓட்டங்களுக்குள் வீழ, இந்தியா 12 ஓட்டங்களில் தோற்றது. துயரத்தில் ஆழ்ந்திருந்த மக்கள், வென்ற பாகிஸ்தான் அணியினர் மைதானத்தை வலம் வந்தபோது எழுந்து நின்று கைதட்டினர். தோற்றவரின் உழைப்பையும் வென்றவரின் திறனையும் ஒருங்கே மதிக்கத் தெரிந்த அந்த நெஞ்சமே உண்மையான துலாக்கோல்.

ஆசிரியர் ஒருவர் முன் இரு விடைத்தாள்கள் இருக்கின்றன. இரண்டுக்கும் அறுபது மதிப்பெண். ஒன்று, தனியறையும் வேண்டிய நூல்களும் வாய்க்கப்பெற்ற மாணவனுடையது; மற்றொன்று, நெருக்கடியான சிறு வீட்டில் தம்பி தங்கையரைப் பார்த்துக்கொண்டே பாடம் படித்த மாணவியுடையது. மதிப்பெண்ணைத் திருத்துவது நேர்மையன்று, அறுபது அறுபதே. ஆயினும், இரண்டு அறுபதும் ஒன்றே என எண்ணித் தாள்களை மூடி வைத்துவிடுவதும் நேர்மையன்று. எண்ணை எண்ணாகவே மதித்து, அதன் பின்னே நிற்கும் மனிதரையும் காண்பவரே நடுநிலையாளர். காலத்தைக் கடந்து பெரியோரை ஒப்பிடுவோர்க்கும் வேண்டுவது அந்த நடுநிலையே.