கடலாடப் போவதன் பலன்

ஆடி, தை அமாவாசைகளில் பெரம்பலூர் மாவட்டத்து எறையூர்ப் பக்கத்திலிருந்து பூம்புகாருக்குப் போய் நீராடித் திரும்ப ஒரு முழு நாள் ஆகும். பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களுக்குக் கடற்கரை இல்லை. வேன் பேசி, அரியலூர், ஜெயங்கொண்டம், கங்கைகொண்ட சோழபுரம் தாண்டி, அணைக்கரையில் கொள்ளிடத்தைக் கடந்து, மயிலாடுதுறை வழியாகப் போக வேண்டும். இப்படிப் போய் மூழ்குவதன் பலன் நாளால் வருகிறதா, இடத்தாலா, படும் சிரமத்தாலா, நினைப்பாலா என்பது பழைய கேள்வி.

நாளுக்குச் சாஸ்திரம் தரும் இடம் பெரிது. அமாவாசை போன்ற பருவ நாட்களில் மட்டுமே கடலைத் தொடலாம், சேதுவில் மட்டும் எந்நாளும் ஆடலாம் என்பது வழக்கிலுள்ள விதி. ஒரு திதி ஏறத்தாழ 19 மணி முதல் 26 மணி நேரம் வரை நீளும். நள்ளிரவில் தொடங்கி முடிவதில்லை. ஆகவே வேன் எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்பதைப் பஞ்சாங்கம் பார்த்தே வைக்கிறார்கள்.

இடத்தின் பெருமை பட்டினப்பாலை காலத்திலேயே உண்டு. தீது நீங்கக் கடலில் ஆடி, பிறகு ஆற்று நீரில் உப்பைக் கழுவிய மக்களை அந்நூல் காட்டுகிறது. இன்றும் வரிசை அதுதான், ஆற்றில் தண்ணீர் இருந்தால். மேட்டூர் வறண்ட ஆண்டுகளில் இரண்டாவது குளியல் குழாயடியில் முடிகிறது.

சிரமமே பலன் என்பார்க்கு வேளாங்கண்ணிக்கு நடந்தே போகிறவர்கள் சான்று. ஆகஸ்ட் 29 கொடியேற்றத்துக்கு முன்பே சாலையோரங்களில் அவர்களைக் காணலாம். மகாபாரதத்தின் வனபர்வம் வேறு நியாயம் சொல்கிறது: வேள்வி அரசர்களுக்கே கட்டுப்படியாகும், தீர்த்த யாத்திரை ஏழைக்கும் எட்டும், கை, கால், மனம் அடங்கியவனே அதன் பலனை அடைவான். இந்தக் கணக்கில் வேனில் வந்தவருக்குக் குறைவில்லை. வழியெல்லாம் சண்டை போட்டுக்கொண்டு வந்தவருக்கே குறைவு.

நினைப்புதான் எல்லாம் என்ற கட்சிக்கு அப்பரும் திருமூலரும் துணை. ஈசன் எங்கும் உளன் என்று உணராதவர் கங்கையிலோ கடலிலோ ஆடிப் பயனில்லை என்றார் அப்பர். தீர்த்தங்கள் உள்ளத்துக்குள்ளேயே இருப்பதாகப் பாடினார் திருமூலர். ஆனால் அப்பர் வீட்டில் இருந்துவிடவில்லை. தளர்ந்த வயதிலும் ஊர் ஊராக நடந்தவர் அவர். அவர் மறுத்தது பயணத்தை அல்ல, பயணமே போதும் என்ற எண்ணத்தை.

இவர்களைவிடக் கூர்மையான மறுப்பு சிலப்பதிகாரத்தில் இருக்கிறது. காவிரி கடலோடு கலக்கும் இடத்திலுள்ள சோமகுண்டம், சூரியகுண்டம் என்ற இரு பொய்கைகளில் மூழ்கிக் காமனைத் தொழுதால் கணவனோடு இன்புறலாம் என்கிறாள் கண்ணகியின் தோழி தேவந்தி. அது தனக்குப் பெருமையன்று என்று கண்ணகி மறுத்துவிடுகிறாள். அவள் வாய் மூடுமுன் கோவலன் வாசலில் நிற்கிறான். அதற்கு முன், அதே கடற்கரைக்கு விழாக்கோலத்தோடு கடலாடப் போன கோவலனும் மாதவியும் பாட்டில் பிணங்கிப் பிரிந்தார்கள். இடத்துக்குத் தானாகவே பலன் தரும் ஆற்றல் உண்டு என்பார் இந்த இரண்டு நிகழ்ச்சிகளுக்கும் பதில் சொல்லியாக வேண்டும்.

சடங்கு முறையே ஓரளவு பதில் தருகிறது. நீராடும் முன் செய்யும் சங்கல்பத்தில் இடமும் நாளும் நோக்கமும் சேர்த்துச் சொல்லப்படுகின்றன. ஒன்றை விட்டு மற்றது நிறையாது. ஆனால் அமாவாசையில் முன்னோருக்குச் செய்யும் தர்ப்பணத்துக்கு இடம் கடலாகத்தான் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. நெடும்பயணம் தாங்காத முதியவர்கள் கொள்ளிடக் கரையிலுள்ள திருமழபாடியிலோ, அதுவும் முடியாவிட்டால் வீட்டிலேயோ எள்ளும் நீரும் இறைக்கலாம்.