நினைவில்லாத இரவு யாருடையது?

நாற்பதைக் கடந்தவர்கள் கூடும் விருந்துகளில் இளமைக் குடியின் கதைகள் சிரிப்போடுதான் வருகின்றன. "எனக்கு ஒன்றுமே நினைவில்லை" என்பதும் கதையில் ஒரு பகுதி. அது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. 40 சதவீத ஆல்கஹால் கொண்ட விஸ்கியை வேகமாகக் குடித்தால், மூளையின் ஹிப்போகாம்பஸில் புதிய நினைவுகள் பதிவது நின்றுபோகலாம். அந்த இரவு மறந்துபோனதல்ல, பதிவாகவே இல்லை. ஆனால் அன்று வசை வாங்கியவருக்கு எல்லாம் நினைவிருக்கும்.

"நான் பேசவில்லை, குடி பேசியது" என்று தப்பிக்க முடியுமா? போதையில் குற்றம் செய்தவனுக்கு இரட்டைத் தண்டனை தரும் வழக்கத்தை அரிஸ்டாட்டில் குறிப்பிடுகிறார். குடிக்காமலிருப்பது அவன் கையில் இருந்தது என்பதே காரணம். தன் அளவு தெரியாத 19 வயதுக்காரனிடம் இந்த வாதம் முழுதாகச் செல்லாது. அவனுடைய பழி குறையலாம். அதனால் பட்டவரின் காயம் குறைவதில்லை.

கடந்துபோனதற்கு வருந்துவதே 'கழிவிரக்கம்'. இன்று அந்தச் சொல் தன்னிரக்கம் என்ற பொருளில்தான் அதிகம் புழங்குகிறது. குடியைப் பற்றிய வருத்தமும் இப்படித்தான் சரிகிறது: வீணான ஆண்டுகள், கெட்ட உடம்பு, தவறிய வாய்ப்புகள். எல்லாம் நம்மைப் பற்றியே.

அந்த இரவின் சாட்சி மற்றவரிடம் இருக்கிறது. வருத்தம் உண்மையென்றால் என்ன நடந்தது என்று அவரிடம் கேட்க வேண்டும். சொல்லி முடிக்கும்வரை குறுக்கிடாமல் இருக்க வேண்டும். அவர் பேச விரும்பாவிட்டால் அதையும் ஏற்க வேண்டும்.