கரையும் மதகும்: சமூக நலம் குறித்து ஒரு குரு சீட உரையாடல்

சீடன்: ஐயா, பள்ளிக்கூடத்து முட்டை, முதியோர் உதவித்தொகை, தோல் கம்பெனியில் சம்பளத்தில் பிடிக்கும் இஎஸ்ஐ காப்பீடு, நெமிலிக் கோயில் அன்னதானம் எல்லாவற்றையும் சமூக நலம் என்றே சொல்கிறார்கள். எல்லாம் ஒன்றுதானா?

குரு: இல்லையப்பா. அன்னதானம் மழை, பெய்தால் உண்டு. சமூக நலம் காவேரிப்பாக்கம் ஏரி போன்றது. ஏரிக்குக் கரை உண்டு, மதகு உண்டு, முறை உண்டு, முறைப்படி திறந்துவிட நீர்க்கட்டி என்ற ஆள் உண்டு. தன் முறை வந்தால் வயல்காரன் தண்ணீரைக் கேட்டு வாங்குவான். யார் காலிலும் விழ மாட்டான். பொதுப் பணத்தில், எழுதிவைத்த விதிப்படி, பெறுபவர் உரிமையோடு கேட்கக்கூடியதாக நடப்பதே சமூக நலம். கொடுப்பவர் நல்லவரா என்ற கேள்விக்கே அதில் இடமில்லை.

சீடன்: இந்த ஏரி எப்போது வெட்டப்பட்டது, ஐயா?

குரு: ஒரே நாளில் அல்ல. இங்கிலாந்தில் 1601ஆம் ஆண்டின் ஏழையர் சட்டம் ஒவ்வொரு திருச்சபை வட்டாரமும் வரி வசூலித்துத் தன் ஏழைகளைக் காக்க வேண்டும் என்றது. காத்தது என்னவோ உண்மை, அவமானப்படுத்தியே காத்தது. நம் பக்கத்தில் வடலூரில் வள்ளலார் 1867இல் பசித்தோருக்குச் சோறிடும் தருமசாலை தொடங்கினார். பத்தாண்டு கழியுமுன் தாது வருஷப் பஞ்சம். 1876 முதல் 1878 வரை வட ஆற்காடும் அதில் வெந்தது. நிவாரண வேலைக்கு வந்த ஆளுக்கு நாளுக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் காசும் போதும் என்று அரசின் பஞ்சப் பிரதிநிதி ரிச்சர்ட் டெம்பிள் கூலியைக் குறைத்தார். ஒரு பவுண்டு என்றால் அரைக் கிலோவுக்கும் குறைவு. அதைத் தின்றுவிட்டு நாள் முழுக்க மண் சுமக்க வேண்டும். சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் இதை எதிர்த்து எழுதினார். சில மாதங்களில் கூலி உயர்ந்தது. பிறகு 1880இல் பஞ்ச ஆணையத்தின் அறிக்கை, அதையொட்டிப் பஞ்ச விதித்தொகுப்பு. கஞ்சித்தொட்டி திறப்பது ஓர் அதிகாரியின் மனநிலையைப் பொறுத்ததல்ல என்று இந்தியாவில் காகிதத்தில் ஏறியது அப்போதுதான். மதகின் முதல் கல் அது.

ஜெர்மனியில் பிஸ்மார்க் 1883இல் நோய்க் காப்பீட்டைக் கொண்டுவந்தார். அன்பினால் அல்ல, சோஷலிஸ்டுகளுக்குப் பயந்து. 1942இல் பிரிட்டனில் சமூகப் பாதுகாப்பு பற்றிய பெவரிட்ஜ் அறிக்கை. இங்கே 1948இல் இஎஸ்ஐ சட்டம். 1950இல் பொது உதவியையும் ஊட்டச்சத்தையும் பேசும் அரசமைப்பின் 41, 47ஆம் கூறுகள். 1953இல் துர்காபாய் தேஷ்முக் தலைமையில் மத்திய சமூக நல வாரியம். தமிழ்நாட்டின் தனிச் சாதனை சோறு. 1920இல் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் தொடங்கியதைக் காமராஜர் 1956இல் மாநிலமெங்கும் கொண்டுபோனார். 1982 ஜூலை 1 முதல் எம்.ஜி.ஆரின் சத்துணவு, 1989இல் கருணாநிதி ஆட்சியில் முட்டை, 2022இல் ஸ்டாலின் ஆட்சியில் காலை உணவு. சத்துணவுக் கூடத்தில் பிள்ளை தட்டை நீட்டும் விதத்தைப் பார். கெஞ்சாது, முட்டை சிறியதாக இருந்தால் ஆயாவிடம் சண்டை போடும்.

சீடன்: இலவசம் மக்களைச் சோம்பேறி ஆக்காதா?

குரு: ஏரிப் பாசனம் உழவனைச் சோம்பேறி ஆக்கியதா? அடுத்ததைக் கேள்.

சீடன்: ஒன்றுதான் உறுத்துகிறது, ஐயா. நம் பக்கத்தில் தோல் வணிகத்தில் வந்த பணம் பெரிய தர்மங்கள் செய்தது. மேல்விஷாரத்து அப்துல் ஹக்கீம் சென்னை சென்ட்ரலுக்கு எதிரே வழிப்போக்கர் தங்கச் சித்திக் சராய் கட்டினார். வாணியம்பாடியில் 1919இலேயே இஸ்லாமியா கல்லூரி வந்தது. அதே தொழிலின் கழிவுநீர்தான் பாலாற்றங்கரைக் கிணறுகளைக் கெடுத்தது. கெடுத்த தொழிலே கொடுக்கவும் செய்தால், அதை நலம் என்பதா, வேறென்ன என்பதா?

குரு: முதலில் காலத்தைப் பிரித்துக்கொள். அப்துல் ஹக்கீம் 1938இல் மறைந்தார். அந்தக் காலத்துப் பதனிடுதல் பெரும்பாலும் ஆவாரம்பட்டையும் கடுக்காயும். 1970களில் பாதி பதனிட்ட தோல் ஏற்றுமதிக்கு அரசு தடைகள் போட்டு, முழுத் தோலாக முடித்து அனுப்பச் சொன்னபின்தான் குரோமியம் பெருகியது. அந்நியச் செலாவணி நாட்டுக்கு, உப்பும் குரோமியமும் கிணற்றுக்கு. ஆகவே முன்னோர் தர்மத்தைப் பழிக்க வேண்டாம். பின்வந்தோர் கடனை அந்தத் தர்மத்தில் கழிக்கவும் வேண்டாம்.

ஏரிக்கரையை வெட்டியவன் அதைக் கட்டித் தருவது தர்மமுமல்ல, சமூக நலமுமல்ல, கடன். இந்த மூன்றையும் குழப்புவதில்தான் பலருக்கு வசதி இருக்கிறது. கல்லூரிக்குக் கொடுத்த நன்கொடையைக் காட்டிக் கிணற்றுக்கான இழப்பீட்டைத் தள்ளிப்போடலாம். கிணறு போன விவசாயிக்கு முதியோர் உதவித்தொகை வருகிறதே என்று அரசும் கைகழுவலாம். உதவித்தொகை அவர் முதுமைக்கு. கிணறு கெடாமலிருந்தாலும் அது அவருக்கு உரியது. 1996 ஆகஸ்ட் 28 அன்று வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கொள்கையை நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அறிவித்தது. தோல் தொழிற்சாலைப் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் நிலம் பகுதியாகவோ முழுதாகவோ சாகுபடிக்கு உதவாமல் போனதை அந்தத் தீர்ப்பு பதிவு செய்கிறது.

இனிக் கடைமடை, ஏரி நீர் கடைசியாகச் சேரும் இடம். தோல் பதனிடும் ஆலைத் தொழிலாளிக்கு இஎஸ்ஐ உண்டு. 2019 ஜூலை முதல் முதலாளி பங்கு 3.25 சதவீதம், தொழிலாளி பங்கு 0.75. ஆம்பூர்ப் பக்கம் ஷூவின் மேல்பாகத்தை வீட்டுத் திண்ணையில் கையால் தைக்கும் பெண்களுக்கு ஜோடிக் கணக்கில் கூலி. வருகைப் பதிவேட்டில் பெயரில்லை, அதனால் இஎஸ்ஐயும் இல்லை. காலணி, தோல் தொழிலாளருக்கென மாநில நல வாரியம் ஒன்று இருக்கிறது. அதில் பதிந்தவருக்கே அதன் தண்ணீர். ஓர் ஏரியின் தரத்தைத் தலைமடையில் பார்த்து யாரும் சொல்வதில்லை.

வேலூர் மன்றம் தொடுத்த அந்தப் பாலாற்று வழக்கும் அப்படியே கடைமடையில் நின்றது. 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மறுபடி உத்தரவிட்டது: இழப்பீடு இன்னும் கிடைக்காதவர்களுக்கு அரசு ஆறு வாரத்தில் கொடுக்க வேண்டும், அந்தத் தொகையை மாசுபடுத்தியவர்களிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும். முதல் தீர்ப்புக்கும் இந்த உத்தரவுக்கும் இடையே 28 ஆண்டுகள்.