நேரத்திற்குக் கூலியா, வேலைக்குக் கூலியா?

சென்ற மாதம் ஒரு திங்கட்கிழமை, அஸர் தொழுகை முடிந்ததும், முன்பு என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர் என்னைக் காண வந்தார். இன்று அவர் எந்த நிறுவனத்திலும் நிலையான ஊழியர் அல்லர். வீட்டில் இருந்தவாறே கணிப்பொறி வழியாக அயல்நாட்டாரிடம் வேலை ஏற்று, அதை முடித்துக் கொடுத்துப் பொருளீட்டுகிறார்.

"ஹஜ்ரத், முன்பு எனக்கு ஐந்து மணி நேரம் பிடித்த வேலையைச் செயற்கை நுண்ணறிவுக் கருவியின் துணையால் இப்போது ஒரு மணி நேரத்தில் முடித்துவிடுகிறேன். வேலையில் குறையில்லை, கொடுத்தவருக்கும் மனநிறைவே. பழைய கணக்குப்படி ஐந்து மணி நேரத்திற்கும் கூலி எழுதுவது கூடுமா?" என்று கேட்டார்.

நம் பிள்ளைகள் பலரும் இவ்வழியில் சம்பாதிக்கத் தொடங்கியுள்ள காலம் இது. ஆதலின் இக்கேள்வியை அவருக்கு மட்டும் உரியதாக நான் கருதவில்லை.

இத்தகையோர் வேலை தேடும் இணையச் சந்தைகளுள் அப்வொர்க் என்பது பெரியது. ஈலான்ஸ், ஓடெஸ்க் என்னும் இரண்டு நிறுவனங்கள் இணைந்து, 2015-இல் இப்பெயரைச் சூடின. அங்கே மணிக்கணக்கில் கூலி பேசிக்கொண்டவர், நேரம் பதியும் கருவியொன்றை இயக்கிவிட்டு வேலையைத் தொடங்குவார். பத்து நிமிடத்திற்கு ஒருமுறை, எதிர்பாராத ஒரு கணத்தில், அக்கருவி திரையைப் படம் பிடிக்கும். விசைகள் எத்தனை முறை தட்டப்பட்டன, சுட்டி எத்தனை முறை சொடுக்கப்பட்டது என்பதையும் எண்ணும். வேலை கொடுத்தவருக்கு அது காவல்; கூலியில் வழக்கு எழுந்தால் உழைத்தவருக்கும் அதுவே சாட்சி. திருமறையின் மிக நீண்ட வசனம், தவணைக் கடனை எழுதி வைப்பதைப் பற்றியது (2:282). அதை ஓதிவரும் நாம் இத்தகைய பதிவை வெறுக்க நியாயமில்லை.

ஆனால் அச்சாட்சி எதைக் காண்கிறது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். மனிதர் உறங்கும்போது சுட்டியை அசைத்துக்கொண்டிருக்கும் சிறு பொறிகள் விலைக்குக் கிடைக்கின்றன. கருவியின் ஏட்டில் அவர் உழைத்தவராவார். சிக்கலான ஒரு வேலையை எவ்வாறு செய்வதென்று கைகட்டி அமர்ந்து அரைமணி நேரம் ஆழ்ந்து சிந்தித்தவரோ, அதே ஏட்டில் சோம்பியவராகத் தோன்றுவார். விரல்களை எண்ணும் கருவிக்கு உள்ளம் புலப்படுவதில்லை.

இங்கே பழைய நூல் ஒன்று நமக்குத் துணை நிற்கிறது. 1197-இல் மறைந்த இமாம் மர்கீனானீ அவர்களின் 'ஹிதாயா' கூலிக்கு உழைப்போரை இரு வகையினராகப் பிரிக்கிறது. ஒருவர் 'அஜீர் முஷ்தரக்': பலருக்கும் வேலை செய்யும் சாயக்காரரையும் சலவையாளரையும் போன்றவர். வேலையை முடித்தால்தான் இவருக்குக் கூலி உரியதாகும். மற்றவர் 'அஜீர் காஸ்': ஒரு மாதத்திற்கென அமர்த்தப்பட்ட ஆட்டு மேய்ப்பரைப் போன்றவர். அந்தக் காலத்திற்குத் தம்மையே ஒப்படைத்துவிட்டமையால், வேலை நேராத பொழுதிலும் இவருக்குக் கூலி உண்டு.

மாணவரின் ஐயத்திற்கு இப்பாகுபாட்டில் விடை இருக்கிறது. வேலைக்கு இன்ன தொகை என்று பேசியிருந்தால் அவர் சாயக்காரரைப் போன்றவர். ஒரு மணியில் முடித்தாலும் முழுத்தொகையும் அவருக்கு உரியது. தையல் இயந்திரம் வாங்கிய தையற்காரர், விரைவாகத் தைத்தார் என்பதற்காகக் கூலியைக் குறைக்க வேண்டியதில்லை. மணிக்கு இன்ன தொகை என்று பேசியிருந்தாலோ, அவர் விற்றது தம் நேரத்தை. கொடுத்தது ஒரு மணி நேரம். பெற விரும்புவது ஐந்து மணி நேரத்தின் விலை. கொடாத நான்கு மணிக்கு விலை பெறுவது எடைக்கல்லில் செய்யும் மோசத்திற்கு ஒப்பாகும். அவ்வாறே சிந்தனையில் அமர்ந்த அரைமணியும் ஒப்படைக்கப்பட்ட நேரமே. கருவி அதை மறந்தாலும், வேலை கொடுத்தவரிடம் எடுத்துச் சொல்லிக் கேட்கலாம். பொறி அசைத்த சுட்டிக்கோ ஒரு காசும் இல்லை.

"அப்படியானால் திறமை வளர வளர எனக்கு வருவாய் குறையுமே, ஹஜ்ரத்! இது நியாயமா?" என்றார் அவர்.

அவருடைய வருத்தத்தில் உண்மை இருக்கிறது. விரைந்து முடிப்பவர் குறைவாகவும், காலம் தாழ்த்துபவர் மிகுதியாகவும் பெறுவது மணிக்கணக்கில் உள்ள குறையே. "தம்பி, அக்குறையை ஒப்பந்தத்தில் திருத்துங்கள், கணக்கில் திருத்தாதீர்கள். மணிக்கான கூலியை உயர்த்திக் கேளுங்கள். அல்லது முழு வேலைக்கும் ஒரு விலை பேசுங்கள். கருவியின் துணை கொள்வதையும் அவரிடம் மறைக்காதீர்கள். அறிந்து அவர் சம்மதித்தால் அது உங்கள் ஹலாலான உரிமை. அவர் அறியாமல் நீங்களே எடுத்துக்கொண்டால், தொகை ஒன்றேயாயினும் பொருள் வேறு" என்றேன்.

பஸராவில் பிறந்து 857-இல் பக்தாதில் மறைந்த ஹாரிஸ் அல்-முஹாஸிபீ அவர்களுக்கு, தம் உள்ளத்தைத் தாமே கணக்குக் கேட்டு வந்தமையால் அப்பெயர் அமைந்தது. அவர் காலத்தில் திரையைப் படம் பிடிக்கும் கருவி இல்லை. இன்று அது இருக்கிறது. ஆயினும் அப்பணி நம் கையை விட்டு அகலவில்லை. அந்த நேரப்பதிவிலேயே இதற்கு ஒரு வாயில் உண்டு. தாம் உழைக்காத பத்து நிமிடங்களை உழைத்தவரே அழித்துவிடலாம். அழித்தால் அதற்குரிய கூலியும் போய்விடும். அழிக்காவிட்டால் கேட்பார் எவரும் இல்லை. மனிதனின் நாணயம் சோதிக்கப்படுவது அந்த இடத்தில்தான்.

மாணவர் சற்றுநேரம் பேசாதிருந்தார். பிறகு கடிகாரத்தைப் பார்த்து எழுந்தார். "சென்ற வாரக் கணக்கைத் திருத்த இன்று மாலை ஐந்தரை மணிவரைதான் அவகாசம், ஹஜ்ரத்" என்று கூறி, ஸலாம் சொல்லிவிட்டு விரைந்தார்.

எத்தனை மணி நேரத்தை அவர் அழித்தார் என்று நான் கேட்கவில்லை. அது அவருடைய கணக்கு. நம் ஒவ்வொருவருக்கும் திருத்துவதற்கென ஓர் அவகாசம் உண்டு. அது எந்த மாலையில் முடியும் என்பது மட்டும் நமக்கு அறிவிக்கப்படவில்லை.